கயிறு அறுத்த கல்லும் லேஸ் அறுத்த ஷூவும்

"ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன் சித்தப்பா. பிஞ்சிருச்சு!"

வன்னியம்பட்டியில் இருக்கும் என் அண்ணன் மகள் ஓட்டக்காரி. 400 மீட்டரில் ஓடுகிறவள். ஷூவை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். லேஸ் கோக்கும் ஓட்டைகளில் மேலே இருந்த முதல் ஓட்டை வாய் பிளந்து கிடந்தது. கீழே இருந்தவை கடையில் வாங்கிய அன்று எப்படியோ அப்படியே இருந்தன.

"ஒரே இழுப்புல பிஞ்சிருக்காது தாயி. பல மாசமா அறுபட்டிருக்கும். கடைசி இழுப்பு மேல பழி விழுந்திருச்சு."

அவள் நம்பவில்லை. இவ்வளவு மெத்தென்ற லேஸ் எப்படி அறுக்கும்? தெருக்கோடியில் இருந்த பழைய கிணற்றுக்கு அழைத்துப் போனேன். கிணற்றின் விளிம்புக் கல்லில் விரல் புதைகிற ஆழத்துக்குப் பள்ளம் பள்ளமாகத் தடம். எல்லாம் வாளிக் கயிறு போட்டது. நார்க் கயிறு கருங்கல்லை அறுத்திருக்கிறது!

கயிறு தனியாக இதைச் செய்யவில்லை, அதில் ஒட்டிய மணலும் சேர்ந்துதான் செய்தது. மணலில் இருக்கிற குவார்ட்ஸ், சாதாரண இரும்பு ஆணியைவிடக் கடினமானது. ஒவ்வொரு வாளி ஏறும்போதும் கயிறு அந்த மணலைக் கல்லின் மேல் தேய்த்துக்கொண்டே போகும். மைதானத்துப் புழுதி ஏறிய லேஸும் அப்படித்தான். அது ஒரு குட்டி ரம்பம்.

நூல் அறுக்கும் என்பது நம்ம ஊர்ப் பக்கத்து ஆலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லிலிருந்து இன்றைய ஆலைகள் வரை, நூற்பு எந்திரத்தில் ஒவ்வொரு கதிருக்கு மேலேயும் ஒரு சுருள் கம்பிக் கொக்கி உண்டு. நூல் அதன் கண்ணுக்குள் நுழைந்துதான் கீழே இறங்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த பருத்தி நூல், நாள் முழுக்க ஓடி ஓடி அந்த எஃகுக் கம்பியிலேயே வரிப்பள்ளம் போட்டுவிடும். பள்ளம் விழுந்தால் அடுத்து வரும் நூல் அதில் சிக்கி அறும். அதனால் தேய்ந்த கொக்கியை மாற்றுவார்கள். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை ஓடுகிற எந்திரங்களில் உலோகத்துக்குப் பதிலாகப் பீங்கான் வளையமே வைப்பது வழக்கம். நம் லேஸ்களில் பெரும்பாலானவை அந்தப் பாலியஸ்டர்தான்!

"சரி சித்தப்பா, ஆனா மேல் ஓட்டை மட்டும் ஏன்?"

நல்ல கேள்வி. முரட்டுக் காளையின் கயிற்றை முளைக்கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே பிடித்து நிறுத்திவிடுவான். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு இழுவிசையைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. லேஸும் ஓட்டைக்கு ஓட்டை வளைந்து வளைந்துதான் போகிறது. நீ மேலே எவ்வளவு இழுத்தாலும், கீழ் ஓட்டைக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான். முழு இழுப்பும் மேல் ஓட்டையின் தலையில். நம்பாவிட்டால் ஒரு தண்ணீர் பாட்டிலை நூலில் கட்டி, பென்சிலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று சுற்றிப் பார். மூன்றாவது சுற்றில் சுண்டுவிரலே போதும்.

ஓட்டை என்றாலே இன்னொரு வம்பும் உண்டு. அகலமான தகட்டில் சின்ன வட்ட ஓட்டை போட்டு இழுத்தால், ஓட்டையின் விளிம்பில் தகைவு, அதாவது ஒவ்வொரு துளி இடமும் தாங்குகிற விசை, மூன்று மடங்காகிவிடும். இதை 1898-லேயே ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வட்டமாக இருக்கும்போதே மூன்று மடங்கு. விளிம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 1954-ல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. உடலில் வெட்டியிருந்த திறப்புகளின் மூலையில் தொடங்கிய விரிசல்தான் காரணம் என்று தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஷூவும் விமானமும் ஒன்றா என்று சிரிக்காதே. விரிசலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வைத்தியம் உன் ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கிறது. தாளில் போட்ட ஓட்டை கிழியாமலிருக்க வட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறாயே, அதேதான். விசையை ஓரிடத்தில் விடாமல் சுற்றிலும் பரப்ப வேண்டும்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் செருப்பு தைக்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். அவர் எங்களுக்குக் கிர்ஷ் பாடம் எடுக்கவில்லை. கிழிசலின் பின்னால் மெல்லிய தோல் துண்டு வைத்து ஒட்டினார். மெழுகு போட்ட நைலான் நூலால் ஓட்டையைச் சுற்றிச் சட்டைக்குக் காஜா எடுப்பதுபோல் நெருக்கமாகத் தைத்தார்.

"பித்தளை வளையம் போட்டா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"போடலாம். ஆனா இது வலைத் துணி. பின்னாடி தோல் வைக்காம வளையத்தை மட்டும் அடிச்சா, வளையத்தோட சேத்துப் பிஞ்சு வந்துரும். வளையத்து ஓரம் சொரசொரன்னு இருந்தா லேஸையும் கடிச்சிரும்." அவளைப் பார்த்தார். "கழட்டும்போது முடிச்சை அவுக்குறியா பாப்பா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முடிச்சோடு காலை உருவி, முடிச்சோடு திணிக்கிற ஆள் அவள். போடும்போதும் ஒவ்வொரு குறுக்காகக் கீழிருந்து தளர்த்தி இறுக்காமல், இரண்டு முனையையும் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி இழுப்பாள். லேஸைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசியதாக வரலாறே கிடையாது.

அண்ணாச்சி கேட்காமலேயே மற்ற ஷூவை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. மேல் ஓட்டையில் மட்டும் அது முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது.

அவர் ஊசியில் மறுபடியும் நூல் கோத்தார்.