சரக்கும் சட்டமும் – 9: விற்பனை ஒன்று, கப்பல் ஒப்பந்தம் வேறொன்று

ரப்பரைக் கடல் கடந்து விற்பவர் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் நிற்கிறார். ஒன்று, வாங்குபவரோடு செய்துகொள்ளும் விற்பனை ஒப்பந்தம். தரம், எடை, விலை, பணம் வரும் வழி எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று, சரக்கை ஏற்றிச் செல்ல கப்பல் நிறுவனத்தோடு செய்யவேண்டிய போக்குவரத்து ஒப்பந்தம். இந்த இரண்டாவது ஒப்பந்தத்தை விற்பவர் செய்வதா, வாங்குபவர் செய்வதா என்று முடிவு செய்பவைதாம் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தருவது), சி.ஐ.எஃப். (விலையோடு காப்புறுதியும் கப்பல் கட்டணமும்) போன்ற வணிக விதிகள். விலைக்குப் பக்கத்தில் மூன்றெழுத்தாக நிற்பதால், பலர் அவற்றை விலையின் வால் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், சரக்குக்கு ஏதேனும் நேர்ந்தால் கப்பல்காரரிடம் போய்க் கேட்கும் உரிமை யாருக்கு என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

இந்த மூன்றெழுத்து எழுதப்படுவது விற்பனை ஒப்பந்தத்தில். கப்பல் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தவை பதிவு செய்தவர் பெயர், கட்டணம் கட்டுபவர் பெயர், பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குப் பத்திரத்தில் உள்ள விவரம் ஆகியவை மட்டுமே. ஆகவே ‘எஃப்.ஓ.பி. கிள்ளான் துறைமுகம்’ என்று எழுதியிருப்பதைக் காட்டிக் கப்பல்காரரைக் கட்டுப்படுத்த முடியாது. இரண்டு ஒப்பந்தங்களும் ஒன்றோடொன்று பொருந்தும்படி எழுதவேண்டிய பொறுப்பு வணிகர்களுடையது.

சிரம்பானின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அம்பாங்கானில் இன்று வீடமைப்புப் பகுதிகளே கண்ணில் படுகின்றன. ஆனால் நெகிரி செம்பிலானின் இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடு. விடியுமுன் வெட்டிய பால் மதியத்துக்குள் ஸ்டோருக்கு வந்து, உறைந்து, தகடாகி, புகைக்கூண்டில் காய்ந்து, தரம் பிரிந்து, 250 ராத்தல் பேல்களாகக் கட்டப்படும். பேலின் மேல் பூச்சு பூசி, தோட்டத்தின் குறியும் தர எண்ணும் அச்சிடப்படும். பால் வெட்டியவருக்கும் நிறுத்தவருக்கும் கணக்கெழுதிய கிராணிக்கும் சரக்கோடு இருந்த தொடர்பு அந்தக் குறியோடு முடிந்தது. அதற்குப் பிறகு பேல் எங்கே போயிற்று, நனைந்தால் யார் நட்டம் சுமந்தார் என்பதெல்லாம் தோட்டத்து எல்லைக்கு வெளியே இருந்த விஷயங்கள்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-லேயே சுங்கை ஊஜோங் ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 39 கிலோமீட்டர் பாதை. 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். சிங்கப்பூரில் 1911-ல் ரப்பர் ஏலம் தொடங்கியது. விலை அங்கேயும் லண்டனிலும் பேசப்பட்டது. பல தோட்டங்களின் நிர்வாகம் கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு போன்ற ஏஜென்சி நிறுவனங்களின் கையில் இருந்தது. அவையே தோட்டத்தை நடத்தின, ரப்பரை விற்றன, கப்பலில் இடம் பிடித்தன, காப்புறுதியும் எடுத்தன. 1897-ல் உருவான நீரிணை கப்பல் கூட்டமைப்பு சரக்குக் கட்டணத்தை நிர்ணயித்தபோது, கூட்டமைப்புக்கு விசுவாசமான ஏஜென்சி நிறுவனங்கள் சிலவற்றுக்குத் தனிக் கழிவும் கிடைத்தது. விற்பனையும் கப்பல் ஏற்பாடும் ஒரே மேசையில் நடந்ததால், இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள் என்ற எண்ணமே தோட்டத்துப் பக்கம் வர வாய்ப்பில்லாமல் போனது. சிறு தொழிற்சாலைகளும் தனி ஏற்றுமதியாளர்களும் நேரடியாக விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பிரிவு சுமையாக வந்து உட்கார்ந்தது.

ஒரே எஃப்.ஓ.பி.யை ஒவ்வொரு துறைமுகமும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்ட குழப்பத்தைத் தீர்க்க, பாரிசில் இயங்கும் அனைத்துலக வணிகச் சபை 1936-ல் ‘இன்கோடெர்ம்ஸ்’ என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, இப்போது 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு நடப்பில் இருக்கிறது. மொத்தம் 11 விதிகள். இவை தாமாகவே நாட்டின் சட்டம் ஆகிவிடுவதில்லை. ஒப்பந்தத்தில் பதிப்பின் ஆண்டோடு எழுதினால்தான் ஐயத்துக்கு இடமிருக்காது. போக்குவரத்து ஒப்பந்தம் என்ற கோணத்தில் பார்த்தால் பிரிவு எளிது. ‘ஈ’, ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் விதிகளில் முதன்மைப் பயணத்துக்கான ஏற்பாடு வாங்குபவர் பொறுப்பு. ‘சி’, ‘டி’ எழுத்தில் தொடங்குபவற்றில் அது விற்பவர் பொறுப்பு. சரக்கின் உடைமை எப்போது கை மாறுகிறது என்பதைப் பற்றி இவற்றில் எதுவும் பேசுவதில்லை. தீபகற்ப மலேசியாவில் அதற்கு 1957-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைத்தான் பார்க்கவேண்டும். இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றிய அந்தச் சட்டம், வாங்குபவர் சார்பில் சரக்கை அனுப்பி வைக்கும் விற்பவர் நியாயமான ஒரு போக்குவரத்து ஒப்பந்தத்தைச் செய்யவேண்டும் என்றும் சொல்கிறது.

எஃப்.ஓ.பி.யில் கப்பலைச் சொல்லவேண்டியவர் வாங்குபவர். சரக்கை அந்தக் கப்பலில் ஏற்றித் தரவேண்டியவர் விற்பவர். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஏற்றும்போதே சரக்கு உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஆங்கிலேய நீதிமன்றம் 1954-ல் பதில் சொல்லவேண்டி வந்தது. லண்டனில் இருந்த பைரீன் நிறுவனம் இந்திய அரசுக்குத் தீயணைப்பு வண்டிகளை ‘எஃப்.ஓ.பி. லண்டன்’ என்று விற்றிருந்தது. கப்பல் ஏற்பாடு இந்திய அரசின் தரப்பில் நடந்தது. கப்பல், பம்பாயின் சிந்தியா நிறுவனத்துக்குச் சொந்தமான ‘ஜலாசாத்’. பாரந்தூக்கியில் ஏற்றும்போது, கப்பலின் விளிம்பைத் தாண்டுவதற்கு முன்பே ஒரு வண்டி கீழே விழுந்து சேதமடைந்தது. பழுது பார்க்க 966 பவுன் ஆயிற்று. விளிம்பைத் தாண்டாததால் வண்டி அப்போதும் விற்பவருடையது, நட்டமும் அவருடையது. அவர் கப்பல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். தவற்றை ஒப்புக்கொண்ட சிந்தியா, கப்பல்காரரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் ஹேக் விதிகளின்படி ஒரு பொதிக்கு 200 பவுனுக்கு மேல் தரவேண்டியதில்லை என்றது. போக்குவரத்து ஒப்பந்தத்தைச் செய்தவர் நான் இல்லையே, அதிலுள்ள வரம்பு என்னை எப்படிக் கட்டும் என்பது விற்பவரின் வாதம்.

நீதிபதி டெவ்லின் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை வாங்குபவர் ஏற்பாடு செய்திருந்தாலும், சரக்கை ஏற்றுவதில் விற்பவருக்கும் பங்கு இருந்தது. அந்த அளவுக்கு அவரும் ஒப்பந்தத்தின் பலனுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவர் என்று தீர்ப்பளித்தார். கிடைத்தது 200 பவுன். எஃப்.ஓ.பி. ஒரே அச்சில் வார்த்ததல்ல என்பதையும் அந்தத் தீர்ப்பு விளக்கியது. வாங்குபவர் கப்பலை மட்டும் சொல்ல, விற்பவர் தம் பெயரில் பில் எடுப்பது ஒரு வகை. கப்பல் ஏற்பாட்டையும் விற்பவரே வாங்குபவருக்காகச் செய்து தருவது இன்னொரு வகை. எல்லாவற்றையும் வாங்குபவரே செய்து, விற்பவர் சரக்கைக் கொண்டுவந்து ஏற்றுவதோடு நிற்பது மூன்றாவது. மலேசிய ஏற்றுமதியில் இந்த மூன்றும் இன்றும் நடக்கின்றன. எந்த வகை என்று எழுத்தில் சொல்லாமல் விடுவதுதான் பெரிய குறை.

சி.ஐ.எஃப்.இல் நிலைமை வேறு. கப்பலைப் பிடிப்பதும் கட்டணம் கட்டுவதும் காப்புறுதி எடுப்பதும் விற்பவர் வேலை. ஆனால் சரக்கு ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறியவுடனேயே ஆபத்துப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. ‘சி.ஐ.எஃப். ஹம்பர்க்’ என்று விற்றால், செலவு ஹம்பர்க் வரை விற்பவருடையது. வழியில் நேரும் சேதம் வாங்குபவருடையது. புதிதாக வணிகத்துக்கு வருபவர்களை அதிகம் குழப்புவது இந்த இடம்தான்.

கட்டணத்தை ஒப்புக்கொண்ட விற்பவர் எதுவரை கட்டுப்பட்டவர் என்பதற்கு 1956-ன் சூயஸ் நெருக்கடி பாடமாக அமைந்தது. சூடான் நிலக்கடலையை ‘சி.ஐ.எஃப். ஹம்பர்க்’ என்று விற்ற ஒரு நிறுவனம், அந்த நவம்பரில் கால்வாய் மூடப்பட்டதும் சரக்கை அனுப்பாமல் நின்றுவிட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அதன் வாதம். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1961-ல் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. வழக்கமான வழி அடைபட்டால் நியாயமான மாற்று வழியில் அனுப்புவது விற்பவர் கடமை. செலவு கூடியது மட்டுமே ஒப்பந்தத்தை முறித்துவிடாது. மலேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ரப்பரோ செம்பனை எண்ணெயோ அனுப்புபவர்களுக்கு இது பழங்கதை அல்ல. 1967 முதல் 1975 வரை கால்வாய் மூடியிருந்தது. 2023-ன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபோதும் கப்பல்கள் மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்றின. சி.ஐ.எஃப். விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டவர்கள் உயர்ந்த கட்டணத்தைத் தாங்களே சுமக்கவேண்டியிருந்தது.

காப்புறுதியிலும் ஒரு பள்ளம் உண்டு. சி.ஐ.எஃப்.இல் விற்பவர் எடுக்கவேண்டியது குறைந்தபட்சக் காப்புதான். தீ, மோதல், தரைதட்டல் போன்ற பெரும் விபத்துகளை அது ஏற்கும். கன்டெய்னருக்குள் வியர்த்து ரப்பர் பூஞ்சை பிடித்தால் அது கைகொடுக்காது. வாங்குபவருக்கு முழுக் காப்பு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களின் எண்ணெய் பெரும்பாலும் கன்டெய்னரில் போவதில்லை. தொட்டிக் கப்பலில் மொத்தமாகப் போகிறது. எஃப்.ஓ.பி.யில் வாங்குபவர் கப்பலை வாடகைக்கு எடுக்கிறார். எண்ணெய் ஏற்ற இத்தனை மணி நேரம் என்று வாடகை ஒப்பந்தம் சொல்லும். விற்பவரின் தொட்டியிலிருந்து எண்ணெய் வரத் தாமதமானால், தாமதக் கட்டணத்தைக் கப்பல்காரருக்குக் கட்டுபவர் வாங்குபவர். அதை அவர் விற்பவரிடமிருந்து திரும்பப் பெறவேண்டுமானால், விற்பனை ஒப்பந்தத்திலும் அதே நேரக் கணக்கு இருக்கவேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் 36 மணி, விற்பனை ஒப்பந்தத்தில் 48 மணி என்று எழுதியிருந்தால் இடைப்பட்ட 12 மணி நேரச் செலவு வாங்குபவர் தலையில் விழும்.

நாட்டின் கணக்கிலும் இந்த விதிகள் தெரிகின்றன. ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. மதிப்பிலும் இறக்குமதியை சி.ஐ.எஃப். மதிப்பிலும் பதிவது உலக வழக்கம். மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் அறிவிக்கும் ரப்பர் விலையும் எஃப்.ஓ.பி. விலைதான். எஃப்.ஓ.பி.யில் விற்று சி.ஐ.எஃப்.இல் வாங்கும் நாட்டில், இரு வழியிலும் கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் வெளிநாட்டவராகவே இருக்கிறார். கட்டணமும் காப்புறுதிப் பணமும் வெளியே போகின்றன. 1968-ல் எம்.ஐ.எஸ்.சி. என்ற தேசியக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். ஆனால் சொந்தக் கப்பல் இருந்தால் மட்டும் போதாது. கப்பலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏற்றுமதியாளர் விற்பனை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்காதவரை, சரக்கு உள்நாட்டுக் கப்பலுக்கு வராது.

கன்டெய்னர் வந்த பிறகு எஃப்.ஓ.பி.யின் அடித்தளமே ஆட்டம் கண்டது. 1965-ல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர் தரமுறை அறிமுகமானதிலிருந்து ரப்பர் 33.3 கிலோ கட்டிகளாக பாலித்தீன் உறையில் வருகிறது. 36 கட்டிகள் ஒரு பேலட், அதாவது 1.2 டன். 20 அடி கன்டெய்னரில் 16 பேலட் வைத்தால் 19.2 டன். தொழிற்சாலையிலேயே அடுக்கி, பூட்டி, முத்திரை வைத்து, லோரியில் கிள்ளானுக்கு அனுப்புகிறார்கள். துறைமுக முனையத்தின் வாசலில் ஒப்படைத்ததோடு விற்பவரின் கை விலகிவிடுகிறது. கப்பல் வர நாள் கணக்கில் ஆகலாம். எஃப்.ஓ.பி. என்று எழுதியிருந்தால், கப்பலில் ஏறும்வரை ஆபத்து விற்பவருடையதே. தம்மால் தொடக்கூட முடியாத இடத்தில் கிடக்கும் சரக்குக்கு அவர் பொறுப்புச் சுமக்கிறார். முனையக் கையாளல் கட்டணத்தை யார் கட்டுவது என்ற தகராறும் இங்கேதான் முளைக்கிறது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. என்ற விதி பொருந்தும் என்று அனைத்துலக வணிகச் சபை தெளிவாகவே சொல்கிறது. எஃப்.சி.ஏ.யில் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்த இடத்திலேயே ஆபத்து வாங்குபவருக்கு மாறிவிடும். கப்பலில் ஏறியதைக் காட்டும் பில் இல்லாமல் வங்கி பணம் தராதே என்று தயங்கியவர்களுக்காக, 2020 பதிப்பு ஒரு வழி திறந்தது: அத்தகைய பில்லை விற்பவருக்குத் தருமாறு வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம்.

இரண்டு ஒப்பந்தங்களும் சந்திக்கும் தாள் அந்த பில் ஆஃப் லேடிங்தான். சரக்கைப் பெற்றதற்கு அது ரசீது, போக்குவரத்து ஒப்பந்தத்துக்குச் சான்று, சரக்கைக் கேட்டு வாங்குவதற்கு உரிமைப் பத்திரம். சி.ஐ.எஃப். என்று விற்றுவிட்டு, பில்லில் கட்டணத்தைச் சேருமிடத்தில் வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். எஃப்.ஓ.பி.யில் வாங்குபவரின் ஏஜெண்டு கப்பலைப் பதிவு செய்து, ‘ஷிப்பர்’ என்ற கட்டத்தில் வாங்குபவர் பெயரையே போட்டு, பில்லையும் அவரிடமே கொடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. பணம் வராதபோது சரக்கை நிறுத்தவோ வேறொருவருக்குத் திருப்பவோ விற்பவர் கையில் எந்தத் தாளும் இராது. சரக்கு சேதமானாலும் கப்பல் நிறுவனத்துக்கு, உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லை என்று சொல்ல இடம் கிடைக்கும்.

கிள்ளானில் கன்டெய்னரை ஒப்படைக்கும் சிறு ஏற்றுமதியாளர்கள், பழக்கத்தினால் எழுதிவரும் எஃப்.ஓ.பி.யை விட்டு எஃப்.சி.ஏ. என்று இடத்தின் பெயரோடும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற குறிப்போடும் எழுத வேண்டும். பில்லின் வரைவு வந்தவுடன், விலையைச் சரிபார்ப்பதற்கு முன்பாக, ஷிப்பர் கட்டத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள்.