டயர் மாற்றினீர்களா? கடையை விட்டுப் புறப்படுமுன் பாருங்கள்!

"பிழைக்க வந்த ஊரில் நமக்கு எதற்கு வம்பு?" என்பது பெங்களூர்த் தமிழர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. மளிகைக் கடையில் எடை குறைந்தாலும், தையற்கடையில் சட்டை கெட்டாலும் இப்படிச் சொல்லிச் சமாதானம் அடைந்துவிடுகிறார்கள். சட்டை கெட்டால் நஷ்டம் சட்டையோடு போயிற்று. வண்டிச் சக்கரத்தைச் சரியாக மாட்டாமல் அனுப்பிவிட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

ஒரு காரின் முழு பாரத்தையும் தரையில் தாங்குவது, டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஸ்கூட்டருக்கு அதனிலும் குறைவு. பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் போவதும் அந்த உள்ளங்கை அளவு இடத்தை நம்பித்தான் நடக்கின்றன.

ஜே.சி. ரோட்டுப் பெரிய கடைகள் முதல் ஓசூர் ரோட்டோரத்துப் பஞ்சர் கடைகள் வரை, பெங்களூரில் டயர் வேலை செய்யும் இடங்களுக்குக் குறைவில்லை. கைத்திறனும் நாணயமும் உள்ளவர்கள் அங்கே நிறையவே இருக்கிறார்கள். ஆனாலும் கூட்டமும் அவசரமும் சேரும்போது பிழை நேர்ந்துவிடுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் புறப்படுமுன் பலர் புது டயர் போட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால், அனுபவமுள்ளவர் ஒரு வண்டியைப் பார்க்க, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் அடுத்த வண்டியின் நட்டை முடுக்குவான். அந்த வண்டிதான் மறுநாள் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டியிருக்கும்.

நட்டு முடுக்குவதில் இரண்டு பிழை

சக்கர நட்டைத் தளர்வாக விடுவது ஒரு பிழை என்றால், அளவுக்கு மீறி முடுக்குவது மற்றொரு பிழை. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி போன்ற கருவியால் 'டர்ர்' என்று நட்டுகளை முடுக்குவது இன்று பெரிய கடைகளின் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கடைசிவரை அதனாலேயே முடுக்கினால் போல்ட்டின் மரை நைந்துபோகும். போல்ட்டே இழுபட்டு பலவீனமாகும். அதைவிடத் தொல்லை, நடுவழியில் இரவு நேரத்தில் பஞ்சர் ஆகும்போதுதான் தெரியும். வண்டியோடு வந்த ஸ்பானரில் ஏறி நின்றாலும் நட்டு அசையாது. ஸ்டெப்னி இருந்தும் பயன் இராது.

ஒவ்வொரு வண்டிக்கும் நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று அதன் கையேட்டில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அந்த அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் என்ற ஸ்பானர் நல்ல கடைகளில் உண்டு. முதலில் எல்லா நட்டுகளையும் கையால் மாட்டி, பிறகு எதிரெதிராக ஒன்றுவிட்டு ஒன்று முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் கடைசியாக டார்க் ரெஞ்சினால் சரிபார்ப்பதே முறை. வரிசையாகச் சுற்றி முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். நட்டின் கூம்பிய பக்கம் ரிம்மை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஓட ஓடக் கழலும்.

ஒழுங்காக மாட்டிய சக்கரத்துக்கும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை நட்டைச் சரிபார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி சுமார் 90. டயர் மாற்றிய கையோடு ஊருக்குப் புறப்படுகிறவர்கள், கிருஷ்ணகிரியில் காபி குடிக்க நிறுத்தும்போது ஸ்பானரையும் கையில் எடுப்பது நல்லது.

இரு சக்கர வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

டியூப் உள்ள வண்டிகளில், பஞ்சர் ஒட்டிய மறுநாள் காலையே மீண்டும் காற்று இறங்கியிருப்பது பலரது அனுபவம். "வேறு ஆணி ஏறியிருக்கும்" என்பது கடைக்காரர் பதிலாக இருக்கும். அது உண்மையா என்பதை டியூபே சொல்லிவிடும். ஆணி ஏறினால் ஓட்டை பெரும்பாலும் டயரின் தரைப்பக்கத்தில் இருக்கும். ஓட்டை ரிம் பக்கம் இருந்தால், டயரை மாட்டும்போது லிவர் டியூபைக் கடித்திருக்கலாம்; அல்லது ஸ்போக் முனையை மறைக்கும் ரப்பர் நாடாவைப் போடாமல் விட்டிருக்கலாம். இவை வேலை செய்தவர் பிழைகள். பழைய ஆணியின் முனை டயருக்குள்ளேயே தங்கி, புது ஒட்டுக்குப் பக்கத்தில் குத்துவதும் உண்டு. டயரின் உட்புறத்தைக் கையால் சுற்றித் தடவிப் பார்க்காததன் விளைவு அது. ஆகவே டியூபை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் நின்று, ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் பிரேக்கும் கழன்று மாட்டப்படுகிறது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் கம்பியை மாட்ட மறந்தால், பிரேக் மிதித்ததும் தட்டே சுழன்றுவிடும். கடை வாசலிலேயே வண்டியைப் பத்தடி உருட்டிப் பிரேக் மிதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

டியூப் இல்லாத டயரானால், ஓட்டை டயரின் பக்கச் சுவரில் இருக்கும்போது ஒட்டுவதை ஏற்கக் கூடாது. ஓடும்போது அந்த இடம் மடங்கி நிமிர்வதால் ஒட்டு நிற்காது.

ஆட்டோ ஓட்டுநர்களுக்கு

பஜாஜ் ஆட்டோவின் சக்கர ரிம் இரண்டு பாதிகளாகப் பிரியும். பாதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நட்டுகள் வேறு. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு. டயரில் காற்று இருக்கும்போதே பாதிகளைப் பிணைக்கும் நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து, கழற்றுபவர் முகத்தில் அடிக்கும். காற்றை முழுவதும் இறக்கிய பின்னரே அதில் கை வைக்க வேண்டும். மாட்டும்போது இரண்டு பாதிகளுக்கு நடுவே டியூப் சிக்கிக்கொள்வதும் உண்டு. சிறிது காற்று அடித்து டியூபை உப்ப வைத்துவிட்டு ரிம்மைப் பூட்டினால் அது சிக்காது.

அரை மணியில் முடிய வேண்டிய வேலை கெட்டு, வண்டி அரை நாள் நின்றால், வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அன்றைய வாடகையும் கைவிட்டுப் போகிறது. வீட்டுச் செலவும் நின்றுபோகிறது. வேலை நடக்கும்போது டீக்கடைக்குப் போகாமல் அருகில் நிற்பது இதனால்தான்.

'புது' டயரின் வயது

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கொண்ட எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மூன்று நான்கு வருஷம் கிடங்கில் கிடந்த டயரைப் புது டயர் விலைக்குத் தந்தால் மறுத்துவிடலாம். மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் மோட்டார் வண்டி டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அதையும் பார்க்க வேண்டும்.

சில டயர்களில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அதை மாற்றிப் போட்டால் மழைநீரை வாரித் தள்ளும் வேலை கெடும். டயர் ரிம்மில் நன்றாக உட்கார்ந்ததா என்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு, சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் டயர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

வண்டி வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பாலன்ஸ் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். கையை விட்டதும் ஒரே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும். அலைன்மென்ட்டுக்குப் பணம் வாங்கும் கடையில், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரும்படி கேட்கலாம்.

பிழை தெரிந்தால்...

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. பிழை கண்ணில் பட்டதும் அதே கடைக்கு அன்றைக்கே போவது முதல் வேலை. சக்கரம் ஆடுவதாகத் தோன்றினால் ஓட்டிக்கொண்டு போகவே கூடாது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன் செய்ய வேண்டும்.

கோபத்தோடு போய் வாசலில் சத்தம் போட்டால், கடைக்காரருக்குத் தம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதே பெரிதாகிவிடும்; சக்கரம் மறந்துபோகும். முதலாளியைத் தனியே அழைத்துக் குறையைக் காட்டினால் பெரும்பாலும் காரியம் நடக்கும். கன்னடம் சரளமாக வராவிட்டாலும் பாதகமில்லை. "நட் ஒந்து சல செக் மாடி" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் மறுப்பவர் அபூர்வம். "பில் கொடி" என்ற இரண்டு சொற்களையும் மறக்கக் கூடாது.

அந்தப் பில்லில் டயரின் பெயர், அளவு, வரிசை எண், தேதி, செய்த வேலை ஆகியவை இருக்க வேண்டும். "பில் வேண்டாமென்றால் விலை குறையும்" என்ற ஆசை வார்த்தையில் மயங்கினால், நாளைக்கு அந்தக் கடையில் டயர் வாங்கியதற்கே அத்தாட்சி இராது.

கடைக்காரர் கைவிரித்து, வேறு கடைக்குப் போக நேர்ந்தால், அங்கே சக்கரத்தைத் தொடுமுன் இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கடைக்காரரிடம், கண்ட குறை என்ன என்பதைப் பில்லிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கிழிந்த டயரையும் டியூபையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடக் கூடாது. சாட்சி அவைதான்.

எல்லாப் பழியும் கடைக்கு அல்ல

காற்றுக் குறைந்த டயரில் மூன்று பேர் ஏறிப்போய் அது சூடேறி வெடித்தால் கடைக்காரர் என்ன செய்வார்? பள்ளத்தில் வேகமாக விழுந்து உள்ளே இருக்கும் நூலிழை அறுந்தால், பக்கச் சுவரில் கொப்புளம் போல் புடைப்பு வரும். பெங்களூர்ச் சாலைகளில் இது அதிசயமில்லை. இதைத் தயாரிப்புக் குறை என்று வாதாடினால் டயர் கம்பெனி ஏற்காது. உண்மையான தயாரிப்புக் குறை என்றால், கடைக்காரர் மூலமாகக் கம்பெனியின் பரிசோதகருக்கு டயரை அனுப்பலாம். குறை உறுதியானால், மீதமுள்ள ரப்பரைக் கணக்கிட்டுப் புது டயர் விலையில் கழித்துக் கொடுப்பது கம்பெனிகளின் வழக்கம். மாட்டியதில் நேர்ந்த பிழைக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கடைதான்.

சட்டம் எந்தப் பக்கம்?

1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்ற பொருளின் குறையோடு, செய்த வேலையின் குறைக்கும் இதில் பரிகாரம் உண்டு. பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று இச்சட்டம் சொல்கிறது.

வெளி மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலோ, வேலை பார்க்கும் மாவட்டத்திலோ மனுப் போடலாம். சேலத்துக் கடையில் நேர்ந்த பிழைக்குப் பெங்களூரில் வழக்குத் தொடுக்க முடியும்; சேலத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிழை நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். இ-ஜாக்ருதி என்ற இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். சொந்த உழைப்பால் பிழைக்க ஆட்டோ ஓட்டுபவர் தம் வண்டிக்கு டயர் வாங்கினால், அவரும் நுகர்வோரே என்பது சட்டத்தின் கருத்து.

வழக்கு என்றால் நாள் பிடிக்கும். ஆகவே முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது நல்லது. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். புகாரைப் பதிவு செய்து, கம்பெனிக்கோ கடைக்கோ அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல சச்சரவுகள் அந்த அளவிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

இதற்கெல்லாம் இடம் வைக்காமல் இருக்க வழி ஒன்றுதான். கடையை விட்டுப் புறப்படுமுன் ஐந்து நிமிஷம் நின்று நட்டு, வால்வு, அம்புக்குறி, பிரேக், பில் ஆகிய ஐந்தையும் பார்த்துவிட வேண்டும். வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்பு நீரைத் தொட்டு வைத்தால், காற்றுக் கசிகிறதா என்பதைக் குமிழி காட்டிவிடும். இப்படிப் பார்த்து வாங்கும் வாடிக்கைக்காரரின் வண்டியை, அடுத்த முறை கடை முதலாளி பையனிடம் விடாமல் தாமே வந்து பார்ப்பார்.