லோராவான்: "கேட்டுச்சா?" என்று அடிக்கடி கேட்கக் கூடாத நெட்வொர்க்

கோவைக்கு வெளியே ஒரு நூற்பாலை. அங்கே நாற்பது மோட்டார்களின் பேரிங் சூட்டை அளக்க வயர்லெஸ் சென்சார் மாட்டினோம். வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது. ஒவ்வொன்றுக்கும் சிம் போட்டால் பேட்டரி தாங்காது, மாதக் கட்டணம் வேறு. அதனால் லோராவான்.

முதல் வாரமே ஒரு பேரிங் சூடேறி மோட்டார் நின்றது. எங்களுக்கு எச்சரிக்கையே வரவில்லை. லோராவானில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. சர்வரில் பார்த்தால் அந்த வரிசையில் ஏகப்பட்ட ஓட்டை. சென்சார் அனுப்பியிருக்கிறது, வந்து சேரவில்லை. தப்பு சென்சாரிடம் இல்லை, செட்டிங் போட்ட என்னிடம்தான்.

எப்படி என்று புரிய, முதலில் அடிப்படை. லோரா என்பது ரேடியோ முறை. பிரான்சின் கிரனோபிளில் இருந்த சைக்ளியோ என்ற சின்ன கம்பெனியில் உருவானது, 2012-ல் செம்டெக் வாங்கியது. லோராவான் என்பது அதன் மேல் ஓடும் நெட்வொர்க் விதிமுறை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம்.

லோரா சிக்னல், விசில் அடிப்பது போல, கீழ் அலைவரிசையிலிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். இந்த வழுக்கலை எவ்வளவு நிதானமாகச் செய்கிறோம் என்பதுதான் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், 7 முதல் 12 வரை. 12-ல் வைத்தால், சிக்னல் சுற்றுப்புற இரைச்சலில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் பிரித்தெடுத்துவிடலாம். தூரம் எட்டுவதன் ரகசியம் இதுதான். சத்தமாகப் பேசுவதில்லை, நிறுத்தி நிதானமாகப் பேசுகிறது.

நிதானத்துக்கு விலை உண்டு. பத்து பைட் தகவலை அனுப்ப 7-ல் சுமார் 0.06 விநாடி, 12-ல் சுமார் 1.5 விநாடி. கிட்டத்தட்ட 24 மடங்கு. பேட்டரியும் அதற்கேற்பக் கரையும்.

நான் என்ன செய்தேன்? "எதுக்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் 12-ல் வைத்தேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 × 1.5 = 60. ஒரு நிமிஷத்தில் அறுபது விநாடிப் பேச்சு! இருந்தது மூன்று சேனல். லோராவான் சென்சார் "வேற யாராவது பேசுறாங்களா?" என்று பார்க்காது, தோன்றியபோது பேசிவிடும். 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அலோஹாநெட்டின் அதே வழி. அந்தக் கணக்குப்படி, பாதிச் செய்திகள் ஒன்றோடொன்று மோதிவிடும்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை கேட்டேன். பதிவுத் தபாலுக்கு அட்டை வாங்குவது போல, பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் சாதாரண கேட்வே பேசும்போது கேட்காது. ஒரு சென்சாருக்கு "வந்துச்சு" என்று சொல்லும் நேரத்தில் மற்ற 39 பேருக்கும் காது அடைத்துவிடும். பதில் கிடைக்காதவர்கள் திரும்ப அனுப்புவார்கள், நெரிசல் இன்னும் கூடும். உறுதி கேட்கக் கேட்க, உறுதி குறைந்துகொண்டே போனது.

திருத்தம் எளிது. தூரத்துக்கேற்ப வேகத்தை நெட்வொர்க்கே தீர்மானிக்கும் ஏ.டி.ஆர் வசதியை இயக்கினேன். பெரும்பாலானவை 7-க்கும், ஓரத்தில் இருந்தவை 9-க்கும் வந்தன. அறிக்கை பத்து நிமிஷத்துக்கு ஒன்று, அதற்கு ஒப்புகை கிடையாது. வரம்பு தாண்டினால் மட்டும் உடனே அனுப்பி, ஒப்புகையும் கேட்கும். வரிசையில் இருந்த ஓட்டைகள் அநேகமாக மறைந்துவிட்டன.

அதைப் பார்த்த மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் கேட்டார்: "சார், இதுலயே அவசரத்துக்கு மோட்டாரை நிறுத்துற பட்டனையும் வச்சிடலாமா?"

வேண்டாம் என்றேன். பேட்டரி சென்சார், தான் பேசி முடித்த பிறகு இரண்டு முறை மட்டும் கொஞ்ச நேரம் காது கொடுக்கும், பிறகு தூங்கிவிடும். "நிறுத்து" என்ற கட்டளை பத்து நிமிஷம் காத்திருக்க நேரலாம். எப்போதும் விழித்திருக்கும் வகையும் உண்டு, கரண்ட் கொடுத்தால் போதும். ஆனால் அதிலும் செய்தி தொலையலாம்.

சூடு ஏறுவதைச் சொல்ல லோராவான் போதும், ஒரு அளவு தவறினால் அடுத்தது வரும். இயந்திரத்தில் ஒருத்தர் கை மாட்டினால் அடுத்த செய்திக்குக் காத்திருக்க முடியாது. அந்த பட்டனுக்கு ஒயர்தான் இழுத்தோம்.