சிப்பந்தியின் நோய் கடைத்தெருவுக்கு வரலாமா?



உடம்பு சரியில்லை என்று சிப்பந்தி லீவு கேட்பது எல்லாக் கடைகளிலும் உள்ளதுதான். கேட்டவுடன் நாம் கல்லாவில் இருந்தபடியே, "உடம்புக்கு என்னப்பா?" என்று உரக்கக் கேட்கிறோம். அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் அவர் சொல்லும் பதில் நம் காதோடு நிற்பதில்லை. எடை போடுபவர், மூட்டை இறக்குபவர், சாமான் வாங்க வந்தவர் என்று அத்தனை பேர் காதிலும் விழுகிறது. கடை அடைக்கும் முன் தெரு முழுவதும் தெரிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் எடை போடும் பணியாளருக்குக் காசநோய் கண்டது. அவர் கொடுத்த மருத்துவச் சான்றிதழ் கணக்குப்பிள்ளையின் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. இரண்டே நாளில் செய்தி பரவியது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. காசநோய் முறையாக மருந்து சாப்பிட்டால் குணமாகக் கூடியது. ஆறு மாதத்தில் அவருக்கும் குணமானது. ஆனால் வந்த பெயர் போகவில்லை. அவர் வெளியூருக்கே போய்விட்டார். முதலாளிக்கும் நம்பிக்கையான ஓர் ஆள் போனதுதான் மிச்சம்.

சட்டம் சொல்வதைப் பார்ப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 25ஆம் பிரிவின்படி நோய் அல்லது விபத்துக்காக ஆண்டுக்கு 12 நாட்கள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 12 நாட்கள் தனி. அதற்கு நியாயமான காரணம் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். எனவே ஓரிரு நாள் லீவுக்கு நோயின் பெயரைத் துருவிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இ.எஸ்.ஐ.யில் பதிவான ஊழியருக்கு, தகுதி இருந்தால், ஆண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக அவர்களே தருகிறார்கள். நமக்கு வேண்டியது தேதிகள் மட்டுமே.

மருத்துவச் சான்றிதழில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் உள்ள படிவத்திலேயே நோயின் பெயரை எழுத இடம் இருக்கிறது. ஆகவே நாம் கேட்காமலே அந்த ரகசியம் நம் கைக்கு வந்து சேருகிறது. அதே விதிகள், நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்றும் சொல்கின்றன. மருத்துவரையே கட்டுப்படுத்தும் ரகசியத்தை நாம் மேசைமேல் போட்டு வைப்பது எப்படி நியாயமாகும்?

"பொய்ச் சான்றிதழ் கொண்டு வந்தால்?" என்று சிலர் கேட்பார்கள். சான்றிதழில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், "இது நீங்கள் கொடுத்ததுதானா?" என்று மட்டும் மருத்துவரிடம் விசாரியுங்கள். என்ன நோய், என்ன மருந்து என்று கேட்காதீர்கள்.

மளிகைக்காரர்களுக்கு இன்னொரு நியாயமான கேள்வி உண்டு. நம் சரக்கு உணவுப் பொருள். உணவு வழியாகப் பரவும் நோய் உள்ளவரை அதைக் கையாள விடக்கூடாது என்று 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. டைபாய்டு, ஒருவகை மஞ்சள் காமாலை போன்றவை அப்படிப் பரவக் கூடியவை. இங்கும் நாம் கேட்க வேண்டியது, "உணவுப் பொருளைத் தொட்டு வேலை செய்யலாமா, எந்தத் தேதியிலிருந்து?" என்பதே. அதை மருத்துவர் ஒரே வரியில் எழுதித் தரலாம்.

எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டம் மேலும் கண்டிப்பானது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அந்தக் காரணத்துக்காக ஒருவரைப் பாரபட்சமாக வேலையை விட்டு நீக்கக் கூடாது. வேலைக்குச் சேர அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. லீவு விஷயத்தைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். எத்தனை நாள், திரும்பியதும் மூட்டை தூக்கலாமா என்ற அளவில் நிறுத்துங்கள்.

2. சான்றிதழை உறையில் போட்டு ஒட்டி, உங்கள் பெட்டியில் பூட்டி வையுங்கள். வருகைப் பதிவேட்டில் "மருத்துவ விடுப்பு" என்று மட்டும் எழுதினால் போதும்.

3. கடை வாட்ஸ்அப் குழுவில் சான்றிதழைப் போடச் சொல்லாதீர்கள். உங்கள் எண்ணுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

4. பெண் ஊழியர்கள் முதலாளியிடம் சொல்லக் கூச்சப்படும் காரணங்கள் உண்டு. "உடல்நிலை சரியில்லை" என்ற சொல்லையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. மற்றவர்கள் விசாரித்தால், "லீவில் இருக்கிறார், வந்துவிடுவார்" என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

இதில் நமக்கும் லாபம் உண்டு. சொன்னால் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்தால், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள். நம் பருப்பையும் சர்க்கரையையும் அந்தக் கையால்தான் அள்ளிப் போடுவார்கள். பயம் இல்லாவிட்டால் முதல் நாளே வந்து சொல்வார்கள். வாடிக்கையாளரின் கடன் பாக்கியை நாம் அடுத்தவரிடம் சொல்வதில்லை. நம்மை நம்பி வேலை செய்பவரின் நோயையும் அப்படியே காப்போம்.