மூச்சைக் காக்கும் உயிரணுப்படை

ஒரு நாளில் நாம் இழுக்கும் காற்று ஏறக்குறைய 10,000 லிட்டர். தூசியும் புகையும் மகரந்தமும் கிருமியும் அதோடு சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள சளிப்படலம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசையும் நுண்மயிர்கள் அந்தச் சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. இதையும் தப்பி காற்றுப்பை வரை போய்விடும் துகள்களை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் தின்று தீர்க்கின்றன.

தின்பதைவிட, அவை சந்தடியில்லாமல் தின்பதுதான் பெரிய அதிசயம். ஒவ்வொரு தூசிக்கும் அழற்சி கிளம்பினால் காற்றுப்பைகளில் நீர் கோத்து மூச்சே நின்றுபோகும். அதனால் கை மீறும்போது மட்டுமே அவை வேதிச் செய்தி அனுப்பி, ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் அணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. இந்த நிதானத்தை அவற்றுக்கு அருளியது எது?

உயிருள்ள மனிதரின் நெஞ்சுக்குள் இந்த அணுக்களின் வேலையை நேரில் பார்க்க வழியில்லை. எலியின் நுரையீரலோ நம்முடையதைப் போன்றதல்ல. எனவே ஆய்வாளர்கள் மனித மூச்சுக்குழாய்ச் செல்களை நுண்துளைச் சவ்வின்மேல் வளர்க்கிறார்கள். கீழே ஊட்டநீர், மேலே வெறும் காற்று. சில வாரங்களில் அச்செல்கள் தாமாகவே சளி சுரக்கின்றன; நுண்மயிர் முளைத்து அசையத் தொடங்குகின்றன.

2010இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டான் ஹூ, டொனால்ட் இங்பர் குழுவினர் பென் டிரைவ் அளவில் ஒரு 'நுரையீரல் சில்லு' செய்தார்கள். நெகிழும் சவ்வின் ஒருபுறம் காற்றுப்பைச் செல்கள், மறுபுறம் ரத்த நுண்குழாய்ச் செல்கள். காற்றுப் பக்கம் பாக்டீரியாவை விட்டதும், ரத்தப் பக்கம் ஓடிய நியூட்ரோஃபில்கள் சுவரில் ஒட்டி, சவ்வின் துளைகளில் உடலை நெளித்து நுழைந்து, கிருமிகளை விழுங்கின. நுண்துகள்களை விட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: சவ்வை மூச்சு விடுவதுபோல் இழுத்துத் தளர்த்தினால்தான் அழற்சி கூடுதலாக எழுந்தது. மார்பின் ஏற்ற இறக்கமும் செல்களுக்கு ஒரு செய்திதான்!

சில்லைச் செய்துவிடலாம், நியூட்ரோஃபிலைச் சேமித்து வைக்க முடியாது. உடலை விட்டு வந்தால் ஒரு நாளுக்குள் அது நலிந்துவிடும். எலும்பு மஜ்ஜையோ அன்றாடம் அவற்றைக் கோடிகோடியாகப் படைத்தபடி இருக்கிறது. ஆகையால் இத்தகைய சோதனைகளுக்குப் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் கையை நீட்டிப் புது ரத்தம் தந்தாக வேண்டும். நுரையீரலை வடித்துக் காட்டிய கைகளும் அந்த அணுக்களுக்காக மனித உடலிடம்தான் யாசிக்கின்றன.