எண்ணெய் எப்படிப் பூச்சாகிறது?

மரப்பலகையில் தேங்காய் எண்ணெயைத் தடவினால் பல மாதம் கழித்தும் பிசுக்காகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயைத் தடவினால் சில நாளில் கெட்டித் தோலாகிவிடும். ஏன்?

காரணம் இரட்டைப் பிணைப்புகள். ஆளி எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். காற்றின் ஆக்சிஜன் அந்த இடங்களைப் பிடித்து, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்குகிறது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜனுக்குப் பிடி கிடைப்பதில்லை.

ஆனால் ஆளிப் பூச்சு மெதுவாகக் காயும், நாளாக மஞ்சளடிக்கும். எனவே இரட்டைப் பிணைப்புகளை முன்கூட்டியே எப்பாக்சி வளையங்களாக மாற்றுகிறார்கள். இதற்கான பழைய வழியில் கந்தக அமிலம் வினையூக்கி. உருவான வளையங்களில் சிலவற்றை அதுவே உடைத்துவிடும்.

இங்கேதான் லைபேஸ் நொதி வருகிறது. நம் குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதிகளின் இனம்தான் இது. ஆய்வகங்கள் பெரிதும் நம்புவது அண்டார்க்டிகாவில் கண்டெடுத்த ஓர் ஈஸ்டின் லைபேஸை. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால், இது கொழுப்பமிலத்தைப் பெராமிலமாக்கும். பெராமிலம் தன் ஆக்சிஜன் அணுவை இரட்டைப் பிணைப்புக்குக் கொடுத்து மீண்டும் கொழுப்பமிலமாகும். அமிலம் தீர்வதேயில்லை, அடுத்த சுற்றுக்குத் தயார்! எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பெராக்சைடை மொத்தமாக ஊற்றினால் நொதி செயலிழக்கும். சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிசின் மணிகளில் பதித்த நொதியை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். கிடைத்த எண்ணெயில் தகுந்த கடினமாக்கியைக் கலந்து உலோகத்தில் பூசிச் சூடேற்றினால் வளையங்கள் திறந்து பிணைந்துகொள்ளும். அந்த வலை, ஈரம் உலோகத்தை எட்டுவதைத் தடுக்கும்.