தீபாவளிச் சீரும் பரிசும்: செலவு, சிக்கல், தீர்வு

தமிழ்நாட்டில் தீபாவளிச் செலவு வீட்டாருக்குத் துணி எடுப்பதோடு முடிவதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர், அக்கா தங்கைகளுக்குப் புடவை, வீட்டு வேலை செய்பவருக்கும் காவலாளிக்கும் துணியும் பணமும், அக்கம்பக்கத்துக்கு இனிப்பு, தொழில் தொடர்புள்ளவர்களுக்கு முந்திரி பாதாம் பெட்டி என்று கொடுக்க வேண்டியவர்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. அது நீள நீளப் பணம் திரட்டும் இடத்திலும், பொருள் வாங்கும் கடையிலும், உறவிலும் சிக்கல் முளைக்கிறது. இவற்றுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் கடைசி வாரத்தில் முப்பது பேருக்கு அள்ளிக்கொண்டு வருபவரால் பில்லையோ முத்திரையையோ பார்க்க முடிவதில்லை. எட்டுப் பேருக்கு யோசித்து வாங்குபவரால் முடியும். ஆகவே நுகர்வோர் பாதுகாப்பின் முதல் படி பட்டியலைச் சுருக்குவதே.

பட்டியலைச் சுருக்கும் வழிகள்

பெரியவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பரிசை நிறுத்துவது எளிய தொடக்கம். ஒரு வீட்டிலிருந்து போகும் இனிப்புப் பெட்டிக்கு ஈடாக இன்னொரு பெட்டி வருகிறது. வந்தது பிரிக்கப்படாமலே மூன்றாவது வீட்டுக்குப் போகிறது. ஆளுக்கொன்று என்பதை விட்டு வீட்டுக்கொன்று என்று வைக்கலாம். உடன்பிறந்தவர்கள் சீட்டுக் குலுக்கி, ஒருவர் ஒருவருக்கு மட்டும் வாங்கலாம். இந்த மாற்றத்தை வீட்டில் மூத்தவர் சொல்வது நல்லது; இளையவர் சொன்னால் கஞ்சத்தனமாகத் தோன்றும். துணி எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

எதைக் கொடுப்பது என்பதற்குப் பெறுபவரின் தேவைதான் அளவுகோல். தாத்தாவுக்கு நான்காவது வேட்டியைவிடப் புதிய மூக்குக் கண்ணாடி பயன்படும். 10 வயது நிறையாத பெண் குழந்தைக்குப் பெற்றோர் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ₹250 இருந்தால் போதும், பண்டிகைப் பணத்தை அதில் போடலாம். துணிதான் என்றால், 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு நிறுவனத்தின் கடைகளில் எடுக்கும் ஒரு நல்ல புடவை நெசவாளருக்கும் வேலை தருகிறது. கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியை விற்பது உண்டு என்பதால் கைத்தறி முத்திரையையும், பட்டுக்குச் சில்க் மார்க் அட்டையையும் பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டு வேலை செய்பவர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்குக் கொடுப்பதில் கை வைத்துப் பட்டியலைக் குறைப்பது நியாயமாகாது. அவர்கள் ஆண்டு முழுதும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பணம் அது.

சீர்: விருப்பமா, வற்புறுத்தலா?

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டு, வெள்ளித் தட்டு, சம்பந்தி வீட்டாருக்குத் துணி, பலகாரம் என்பது பல சமூகங்களில் வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் மனம் உவந்து, தங்கள் சக்திக்கு ஏற்பக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கேட்டு வாங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது.

1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம், திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின் போதோ, அதற்குப் பின் எப்போதோ திருமணத்தை ஒட்டிக் கொடுப்பதையும் கொடுக்க ஒப்புவதையும் வரதட்சணை என்கிறது. வரதட்சணை கேட்டாலே குற்றம். அதற்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் ₹10,000 வரை அபராதமும் உண்டு. குழந்தை பிறந்ததற்கு வழக்கமாகக் கொடுப்பது போன்றவை வரதட்சணை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் கூறியது. ஆனால் சீர் குறைந்தது என்று பெண்ணைத் துன்புறுத்தினால், அது வரதட்சணையா வழக்கமா என்ற வாதம் கணவர் வீட்டாரைக் காப்பாற்றாது. முறையற்ற வகையில் பொருள் கேட்டுத் துன்புறுத்துவது பாரதிய நியாய சம்ஹிதாவின் 85ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமும் இதை வன்முறையாகவே கணக்கில் கொள்கிறது.

பாதிக்கப்பட்ட பெண் 181 என்ற எண்ணை அழைக்கலாம்; அனைத்து மகளிர் காவல் நிலையத்தையோ மாவட்ட சமூகநல அலுவலரையோ அணுகலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சொத்து. எது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதிவைத்து, பில்லை அவள் பெயரில் போட்டு அவளிடமே கொடுப்பது பிற்காலத் தகராறைத் தவிர்க்கும்.

பலகாரச் சீட்டும் நகைச் சீட்டும்

சிறுகச் சிறுகக் கட்டி, தீபாவளிக்கு முன் எண்ணெய், மளிகை, இனிப்பு, பட்டாசு, பாத்திரம் என்று மொத்தமாகப் பெறுவது தீபாவளிச் சீட்டு. ஏலச்சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் வேண்டும். தெருவில் நடக்கும் பலகாரச் சீட்டில் ஏலம் கிடையாது. நடத்துபவரை நம்பி முன்பணம் கொடுப்பதுதான். கட்டியதைவிட மிக அதிக மதிப்புள்ள பொருளோ தங்கக் காசோ தருவதாகச் சொன்னால், புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்தில்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். ஆள் சேர்வது நின்றதும் கடை மூடப்படும்.

நகைக்கடைச் சீட்டு பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால், 2014ஆம் ஆண்டு கம்பெனி விதிகளின்படி அது வைப்புநிதியாகிவிடும். வங்கியில் உள்ள பணத்துக்கு ₹5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டிய பணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தீபாவளி முடிந்த மாதமே வங்கியில் தொடர் வைப்பு தொடங்கினால் அடுத்த தீபாவளிக்குப் பணம் கையில் இருக்கும்.

ஏமாந்தவர்கள் அட்டை, ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், நடத்தியவரின் சொத்தை முடக்கிப் பணத்தைப் பங்கிட வழி செய்கிறது. 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களையே தடை செய்துள்ளது. சீருக்காகக் கடன் வாங்கிக் கந்துவட்டி, மீட்டர் வட்டியில் சிக்கியவர்கள் 2003ஆம் ஆண்டு தமிழகச் சட்டத்தின்படி காவல்துறையை அணுகலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இனிப்பை அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடைபோடுவது பரவலான தவறு. கிலோ ₹900 விலையுள்ள இனிப்பைப் பெட்டியில் வாங்கும்போது, பெட்டியின் எடை 100 கிராம் என்றால், அட்டைக்கு மட்டும் ₹90 போகிறது. காலிப் பெட்டியைத் தராசில் வைத்து எண் சுழியத்துக்கு வந்த பிறகே இனிப்பை அடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்; பெட்டியில்லாத எடைதான் நிகர எடை. எடைக் குறைவு பற்றிய புகாரை விசாரிப்பது தொழிலாளர் துறை. உதிரி இனிப்பாக இருந்தாலும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரில் வந்த விதி. பொட்டலமாக இருந்தால் 14 இலக்க உணவு உரிம எண்ணும், நிகர எடையும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும்.

தங்க நகையின் உட்புறத்தில் மூன்று குறிகள் இருக்கும்: முக்கோண வடிவ பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. குறிகள் பொடியாக இருப்பதால் கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி கேட்டுப் பார்க்கலாம். ஆறு இலக்கக் குறியைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் நகையின் வகையும் தரமும் தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறி இல்லாமல் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு உண்டு. சொன்ன தரத்துக்குக் குறைவாக இருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும்.

குழந்தைகளுக்கான பொம்மையில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பரிசுக் கூப்பன் வாங்கும்போது காலக்கெடுவையும், எந்தக் கிளைகளில் செல்லும் என்பதையும் எழுத்தில் பார்க்க வேண்டும். பட்டாசை இணையத்தில் விற்க உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. பாதி விலையில் சிவகாசிப் பட்டாசுப் பெட்டி என்று வரும் விளம்பரத்துக்குப் பணம் அனுப்பினால் பெட்டியும் வராது, பணமும் திரும்பாது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

"இன்னும் இரண்டு மட்டுமே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி இணையக் கடைகளுக்குத் தடைசெய்யப்பட்டவை. பண்டிகைப் பரிசு என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் திறக்கக் கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழைத்தால், தொகை கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

பரிசு பெறுபவருக்கும் சில வரம்புகள் உண்டு. உறவினர் அல்லாதவர்கள் ஓர் ஆண்டில் கொடுத்த பணம் மொத்தம் ₹50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கருதப்படும். அரசு ஊழியர்கள் தங்களால் காரியம் ஆகவேண்டியவரிடம் தீபாவளி இனாம் வாங்குவது லஞ்சமாகவே பார்க்கப்படும். கொடுப்பவரும் சிக்கலில் மாட்டுவார்.

பரிசுப் பொருளில் பழுது இருந்தால்

பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமே புகார் செய்ய முடியும் என்ற எண்ணம் தவறு. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மிக்சியைப் பரிசாகப் பெற்ற மருமகளும் கடைக்காரரைக் கேள்வி கேட்கலாம். ஆனால் பில் மாமியார் பையில் கிடந்தால் அந்த உரிமையால் பயனில்லை. பில்லின் நகலையும் தேதியிட்ட உத்தரவாத அட்டையையும் பரிசோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். விலை தெரிவது சங்கடமாக இருந்தால் அந்த இடத்தை மறைத்து நகல் எடுக்கலாம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், அது குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்க மறுப்பதும் அப்படியே. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பதற்காக மாற்றித் தருவது மட்டும் கடையின் விருப்பம். அதை வாங்கும்போதே கேட்டுவைக்க வேண்டும். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடையில் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். புகார்தாரர் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். கொடுத்த விலை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பில், உத்தரவாத அட்டை, பொருளின் படம், கடைக்கு அனுப்பிய புகாரின் நகல் ஆகிய நான்கும் அந்த மனுவோடு இணைக்கப்பட வேண்டியவை.